கிடாய் சும்மாதான் நின்றது

நீதானே மனு எழுதுகிற ஆள்? பேனா எழுதுமா? கிறுக்கிக் காட்டு. சரி, உட்காருகிறேன்.

எழுது. கலெக்டருக்குத்தான். மேலே கீழே என்ன போடணுமோ அதை நீயே போட்டுக்கொள், என் மூஞ்சியைப் பார்க்காதே. பேர் ஒச்சப்பன். வயசு எழுபத்தொன்று. ஊர் கீழக்கல்லுப்பட்டி. அப்பா பேர் எதற்கு? அவர் போய் நாற்பது வருஷம் ஆச்சு. அவரை எதற்கு இந்த வெயிலில் இழுக்கிறாய்? கட்டாயமா? முத்திருளன். எழுதித் தொலை.

பொருள் என்று ஒன்று போடுவீர்களே, அதில் போடு: பெட்டி.

செல்போன் பெட்டி இல்லையப்பா. பெட்டி. செல்போன் பின்னால் வரும்.

எந்தப் பெட்டியா? நீ எந்த ஊர்? அதான் பார்த்தேன். சரி, பேனாவைக் கீழே வை. கேட்டுக்கொள், பிறகு எழுதலாம்.

எங்கள் பங்காளி வகையறாவுக்குச் சாமி ராக்காயி. ஆத்தா என்போம். அவளுக்கு ஒரு ஓலைப் பெட்டி உண்டு. உள்ளே அவள் சேலை, வளையல், சின்னதாக ஒரு அரிவாள். இருக்கிறது என்று சொல்வார்கள். நான் திறந்து பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷம் என் வீட்டில்தான் இருந்தது, ஒரு நாள் மூடியைத் தொட்டதில்லை. பவுனுத்தாயி தொட்டிருப்பாள். பவுனுத்தாயி என் வீட்டுக்காரி. அவள் தொடாத பொருள் ஊரில் கிடையாது.

சிவராத்திரி அன்றைக்கு அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எவன் முன்னால் நடக்கிறானோ அவன் காலில் வகையறாவே விழும். முந்நூறு குடும்பம். பள்ளிக்கூட வாத்தியார் விழுவார். போலீசில் இருக்கிறவன் லீவு போட்டுவிட்டு வந்து விழுவான். மற்ற நாளில் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விடுவார்கள். பெட்டி போய்விட்டால்? போன வாரம் கடைக்குப் போனேன். ஒரு பயல் நகரவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.

இதை எழுது. ‘நின்றுகொண்டே தேநீர் அருந்தும் நிலைக்குத் தள்ளப்பட்டுள்ளேன்.’ படி. நல்லாயிருக்கிறது. கையெழுத்தும் பரவாயில்லை.

பெட்டி யார் வீட்டில் இருக்கணும் என்று மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆத்தாளிடமே கேட்போம். எப்படிக் கேட்பதா? கிடாயை விட்டுத்தான். வேண்டும் என்கிறவன் ஆளுக்கொரு கிடாயோடு வரணும். தன் கிடாயைத் தானே தொடை இடுக்கில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளணும். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். எந்தக் கிடாய் முதலில் தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலுப்பி உதறுகிறதோ, அந்தக் கிடாய்க்காரனுக்குப் பெட்டி. அது ஆத்தா தருகிற உத்தரவு. அப்பீல் கிடையாது.

சிரிக்காதே. உன் ஊரில் சீட்டுப் போட்டு எடுப்பீர்கள். சீட்டுக்கு உயிர் இருக்கிறதா?

எனக்குப் போட்டி தவசி. சித்தப்பா மகன். என்னைவிட எட்டு மாதம் இளையவன். உயரம் மட்டும் என்னைவிட ஒரு சாண் கூட. நாலு தடவை நின்றான், நாலு தடவையும் என் கிடாய்தான் சிலுப்பியது. ‘எண்ணே, உன் கிடாய்க்குச் சளி புடிச்சிருக்கு, அதான் ஒதறுது’ என்பான். அவன் கிடாய் காதில் அவன் தண்ணீர் ஊற்றுவான், அது ஊருக்கே தெரியும். ஊற்றியும் சிலுப்பாது. அப்படி ஒரு கிடாய் வளர்ப்பான்.

போன தடவை, மூன்று வருஷத்துக்கு முந்தி, என் கிடாய் சிலுப்பிய நேரத்தில் கூட்டத்தில் எவனோ ஒருத்தனுடைய போன் பாட்டுப் பாடியது. பிடித்துக்கொண்டான் தவசி. ‘ஆத்தா குடுத்த உத்தரவு இல்ல, போன் குடுத்த உத்தரவு!’ டீக்கடையில் சொன்னான். சவரக்கடையில் சொன்னான். எழவு வீட்டில் பொணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னான். மூன்று வருஷம்.

அதனால் இந்தத் தடவை நான் ஒரு சட்டம் போட்டேன். வகையறாக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: ‘கிடாய் நிக்கிற எடத்துல ஒருத்தன் கிட்டயும் போன் இருக்கக் கூடாது. எல்லாத்தையும் அண்டாவுல போடணும். போட்டுட்டு ஆத்தா மேல சத்தியம் பண்ணணும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் மூணு வருசம் நம்ம பந்தியில ஒக்காரக் கூடாது. மாமன் மச்சான் வரிசையில ஒக்காரணும்.’

எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியாது. எங்கள் பந்திக்கு நெஞ்செலும்பு வரும். மாமன் மச்சான் வரிசைக்கு வெறும் குழம்பு வரும்.

எல்லாரும் கைதட்டினார்கள். தவசியே, ‘எண்ணன் நேர்மையாத்தான் பேசுறாப்ல’ என்றான். இதை எழுது. அவன் வாயாலேயே சொன்னான் என்று எழுது.

அடுத்தது எழுதாதே.

பேனாவைக் கீழே வைத்தாயா? என் போன் அண்டாவில் இல்லை. என் இடுப்பு பெல்ட்டுப் பைக்குள் இருந்தது.

அப்படிப் பார்க்காதே. சட்டம் போட்டவன் நான். எனக்கு எதற்குச் சட்டம்? அண்டாவில் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் துண்டில் சுற்றிப் போட்டேன். சத்தம் சரியாகத்தான் கேட்டது, டொக்கென்று.

ஏன் வைத்திருந்தேன் என்றால், யோசித்துப் பார். கிடாய் என் தொடை இடுக்கில் நிற்கிறது. அதன் பிடரி சரியாக என் பெல்ட்டில் படுகிறது. போனைச் சத்தமில்லாமல் அதிர்கிற மாதிரி வைத்திருக்கிறேன். பவுனுத்தாயிடம் சொல்லியிருக்கிறேன்: ‘நீ வீட்டுலயே இரு. உருமி மேளம் நின்னதும் நூறு எண்ணு. எண்ணிட்டு எனக்குப் போன் போடு.’ போன் வரும், பெல்ட் அதிரும், பிடரி அதிரும், கிடாய் சிலுப்பும். அவ்வளவுதான். ஒரு ஒத்தாசை. ஆத்தா சொல்ல நினைத்திருப்பாள், கிடாய்க்குப் புரியாமல் போய்விடக் கூடாதே.

மோசடியா? யார் மோசடி? காதில் தண்ணீர் ஊற்றினான் பார், அது மோசடி. நான் கிடாயின் காதைத் தொடக்கூட இல்லை. எனக்கு வந்த போன் எனக்கு அதிர்கிறது, அதற்குக் கிடாய் சிலுப்பினால் நான் என்ன செய்ய? போன தடவை அந்தப் பாட்டுப் போனைப் பார்த்துத்தான் இந்த யோசனையே வந்தது. ஆக, யோசனையைக் கொடுத்தவன் தவசி.

நாள் வந்தது. காலையில் பதினோரு மணி. கூட்டம் நிற்க இடமில்லை. அண்டாவில் இருநூறு போன் இருக்கும். கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டா. அதைக் கோயில் வாசலில், பீடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். வாத்தியார் ஒரு தாம்பாளத்தைப் போட்டு மூடினார். எல்லாரும் சூடத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்கள். நானும் தொட்டேன். லேசாகத்தான் தொட்டேன்.

பூசாரி கட்டையன் தண்ணீர் தெளித்தார். உருமி நின்றது. முந்நூறு குடும்பமும் கிடாய்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்தப் பக்கம் நானும் என் கிடாயும். நாலு முழம் தள்ளி எதிரே தவசியும் அவன் கிடாயும். இரண்டு கிடாயும் ரேசன் கடைக்கு வந்த மாதிரி நிற்கின்றன. நான் மனசுக்குள் எண்ணுகிறேன். தொண்ணூறு. நூறு. நூற்றிருபது. போன் வரவில்லை. நூற்றைம்பது. இவள் எண்ணத் தெரியாதவள் இல்லை, பால் சொசைட்டிக்குப் போகிறவள். இருநூறு.

பூசாரி கட்டையன் கையைத் தூக்கிக்கொண்டு கேட்கிறார்: ‘சொல்லு தாயி! பெட்டி யாருக்கு? வாயத் தெறந்து சொல்லு தாயி!’ இது அவர் எப்போதும் கேட்கிற கேள்வி. கிடாயைப் பார்த்துத்தான் கேட்பார்.

அப்போதுதான் சர்க்கார் அனுப்பியது.

பதினொன்று நாற்பத்திரண்டு. மணியைப் பிறகு வாத்தியார் சொன்னார். புயல், வெள்ளம் வந்தால் எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்புவார்களாம். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அன்றைக்கு ஒரு சோதனை. சத்தத்தை அமுக்கி வைத்திருந்தாலும் அலறுமாம். புயல் இல்லை, மழை இல்லை, எங்கள் ஊரில் ஓடையே காய்ந்து கிடக்கிறது. முதல் நாளே சொல்லிக் குறுஞ்செய்தி வந்ததாம். எனக்கு ஒரு நாளைக்கு முப்பது குறுஞ்செய்தி வருகிறது. எவனோ பங்களா விற்கிறான், எவனோ முடி நடுகிறான். எதைப் படிப்பது?

அண்டாவுக்குள் இருநூறு போனும் ஒன்றாக அலறியது. நீ கேட்டிருக்க மாட்டாய் அந்தச் சத்தத்தை. பித்தளை அண்டா. தாம்பாளம் தன்னாலே எகிறிக் கீழே விழுந்து உருண்டது. உருமிக்காரர் உருமியைப் போட்டுவிட்டு ஓடினார். வாத்தியார் பீடத்துக்குப் பின்னால் போய்விட்டார். போலீசில் இருக்கிறவன் எங்கே போனான் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

என் பெல்ட்டிலும் அதே நேரத்தில் வந்தது. அண்டா போட்ட சத்தத்தில் என் போன் அலறியது எவனுக்கும் கேட்கவில்லை. நான் எதிர்பார்த்தது பவுனுத்தாயி போடுகிற போன். அது மெதுவாக உர்ர்ர் என்னும், நிற்கும், உர்ர்ர் என்னும். இது அது இல்லை. அடிவயிற்றைப் பிடித்துக் கடித்துக் குதறுகிற மாதிரி இருந்தது. பாம்பு என்று நினைத்தேன். ஒரு பாம்பு இல்லை, குடும்பத்தோடு.

கிடாய் சும்மாதான் நின்றது.

ஆமாம். என் கிடாயும் நின்றது, அவன் கிடாயும் நின்றது. அசை போட்டது. நான்தான் சிலுப்பினேன்.

தலையிலிருந்து கால் வரைக்கும். வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். குதித்தேனாம். எனக்குத் தெரியாது, சொன்னார்கள். ‘சாமி எறங்கிருச்சு! ஒச்சப்பன் மேல ஆத்தா எறங்கிருச்சு!’ என்று பொம்பளைகள் குலவை போட்டார்கள். பூசாரி கட்டையன் மிச்சத் தண்ணீரை என் தலையில் ஊற்றிவிட்டு, என் மூஞ்சிக்கு நேரே வந்து மறுபடியும் கேட்கிறார்: ‘சொல்லு தாயி, பெட்டி யாருக்கு?’

நான் கத்தினேன். ‘தவசீ!’ என்று கத்தினேன். ஒரு தடவை இல்லை. மூன்று தடவை.

ஏன் கத்தினேனா? என்ன கேள்வி இது. சொன்னால் புரியாது. சரி, எழுதாதே. எட்டு வயசில் நான் கிணற்றில் விழுந்தேன். தவசிதான் குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம். பயம் வந்தால் எல்லாருக்கும் வாயில் அம்மா வரும். எனக்குத் தவசி வரும். மாடு முட்ட வந்தால் தவசி. பஸ் பிரேக் போட்டால் தவசி. கண்ணில் புரை எடுத்தார்களே, அப்போதும் டாக்டரம்மா கேட்டது, ‘தவசிங்கிறது யாருங்கய்யா, உங்க பையனா?’ மானம் போனது. அறுபத்து மூன்று வருஷமாக விட முடியவில்லை. பீடியை விட்டுவிட்டேன், இதை விட முடியவில்லை.

சாமி வந்தவன் வாயில் வந்தால் அது சாமி சொன்னது. பெட்டியைத் தூக்கித் தவசி தலையில் வைத்துவிட்டார்கள். அந்தப் பயல் அழுகிறான். அழுதுகொண்டே வந்து என் காலில் விழுகிறான். ‘எண்ணே, ஒன் வாயாலயே ஆத்தா குடுத்துருச்சேண்ணே!’ என்கிறான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்னும் அதிர்கிறது.

பவுனுத்தாயியா? ஏன் போன் போடவில்லை என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். உருமி நின்றது அவளுக்குக் கேட்கவில்லையாம். அந்த அலறல் மட்டும் வந்ததாம். பயந்து போனைத் தூக்கிக் கழுநீர்த் தொட்டியில் போட்டிருக்கிறாள். எருமை அதில் வாய் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது அன்றைக்கு அத்துக்கொண்டு ஓடியது, மூன்று நாள் கழித்துப் பக்கத்து ஊரில் பிடித்தோம். அதைக் கேட்டால், ‘ஒங்க மேலதான் சாமி வந்துச்சாமே, சாமிக்கு எருமை எங்கனு தெரியாதா?’ என்கிறாள்.

அண்டாவிலிருந்து போனை எல்லாம் எடுத்ததும் வாத்தியார் படித்துக் காட்டினார். ‘இது சோதனைச் செய்தி. நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.’ எல்லாம் செய்து முடித்த பிறகு படிக்கிறார். சரி, இப்போதாவது புத்தி வரும் என்று பார்த்தேன். ‘பாத்தீங்களா, சர்க்கார் சத்தம்தான் அது’ என்றேன். பூசாரி கட்டையன் சொல்கிறார்: ‘ஆத்தா ஒன் மேல எறங்குன வேகத்துலதான் போனெல்லாம் அலறிருச்சுப்பா.’ அடுத்த ஊரிலும் அலறியதாமே என்றேன். ‘அங்கயும் கேட்டுருக்கு, பாத்தியா. மூணு மாவட்டத்துக்குக் கேட்டுருக்கு. நம்ம ஆத்தா சாதாரணமா?’

இப்போது என்னைச் சாமியாடி என்கிறார்கள். காலையில் எழுந்தால் வாசலில் நாலு பேர். ஒருத்திக்குக் கோழியைக் காணோம். ஒருத்தனுக்கு லைசென்ஸ் கிடைக்குமா என்று கேட்கணும். எனக்குக் கோழி வேண்டாம் தம்பி. பெட்டி வேண்டும். தவசி அதை எங்கே வைத்திருக்கிறான் தெரியுமா? டிவிக்குப் பக்கத்தில். என் வீட்டில் தனி அறை கொடுத்திருந்தேன்.

அதனால் மனு. பேனாவை எடு. ‘மேற்படி நாள் மேற்படி நேரத்தில் என் மேல் வந்தது சாமி அல்ல, சர்க்கார்தான் என்று ஒரு சர்டிபிகேட் தரும்படி.’ எழுது. கலெக்டர் கையெழுத்து, முத்திரை. அதைப் பூசாரி மூஞ்சியில் காட்டினால் போதும். பெட்டி திரும்பி வரும்.

ஏன் நிறுத்திவிட்டாய்?

என்னவாம்? போன் எங்கே இருந்தது என்று எழுதணுமா? அண்டாவில் என்று போடு. அண்டாவில் இருந்தது எப்படி என்னை அதிரவைக்கும் என்று கேட்பார்களா? கேட்பார்கள்தான். சரி, பெல்ட்டில் என்று... வேண்டாம். வேண்டாம், அடி. நல்லா அடி, தெரியாத மாதிரி அடி. அதை எழுதினால் பெட்டியும் வராது, நெஞ்செலும்பும் போகும். மாமன் மச்சான் வரிசையில் என் மருமகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் குழம்பைக் குடிக்கணும். அவன் சிரிப்பான்.

ஆக, எழுதினால் நான் பொய்யன். எழுதாவிட்டால் நான் சாமி. நல்லா மாட்டிவிட்டது சர்க்கார்.

கொஞ்சம் இரு. பேசாதே.

...

சாமி சொன்னதைச் சாமிதான் மாற்றலாம். மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆத்தா யார் மேலாவது இறங்கி, பெட்டியை அங்கே வை என்று சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடுவார்கள். எங்கள் வழக்கம் அது. ஆத்தா யார் மேல் இறங்குவாள்? ஏற்கெனவே இறங்கின ஆள் ஒருத்தன் இருக்கிறான் அல்லவா?

தம்பி, புதுத் தாள் எடு. முதலிலிருந்து எழுது.

‘அய்யா, தாங்கள் அனுப்பிய எச்சரிக்கை மிக நன்றாக இருந்தது. எங்கள் ஊர் மக்கள் பெரிதும் விழிப்புணர்வு அடைந்துள்ளனர்.’ இந்த மாதிரி நாலு வரி உனக்கு வருமே, போட்டுக்கொள். ‘ஆகவே வரும் மாசி மாதம் சிவராத்திரி அன்று காலை சரியாகப் பத்து முப்பதுக்கு மறுபடியும் ஒரு தடவை அனுப்பித் தரும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ பத்து முப்பது என்பதை எழுத்திலும் போடு, எண்ணிலும் போடு. முன்னே பின்னே போனால் பிரயோஜனமில்லை. சிவராத்திரிக்குச் சாமியாடியை நிறுத்திப் பூசாரி கேள்வி கேட்கிற நேரம் அது.

இந்தத் தடவை நான் தயாராக நிற்பேன். பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பேன். வந்ததும் நானாகவே குதிப்பேன். பூசாரி கேட்பார், நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு ‘ஒச்சப்பனுக்கு!’ என்று சொல்வேன். மூன்று தடவை சொல்வேன். முடிந்தது.

என்ன?

மறுபடியும் தவசி என்று வந்துவிட்டால் என்னவா?

வராது. ஏன் வருகிறது? இப்போது எனக்குத்தான் தெரியுமே என்ன வருகிறதென்று. தெரிந்த பிறகு என்ன பயம்?

...

இப்போது மேசையைத் தட்டினாயே, எதற்குத் தட்டினாய்? நான் ஒன்றும் சொல்லவில்லை. ‘தவ’ என்றுதான் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை.

கையெழுத்துக்கு மேலே இடம் இருக்கிறதா? ஒரு வரி சேர்த்துக்கொள். ‘மேற்படி எச்சரிக்கையை எங்கள் ஊருக்கு மட்டும், மனுதாரர் பயப்படாத அளவுக்கு, கொஞ்சம் மெதுவாக அனுப்பவும்.’